சுடாவும் சூடாவும்

நான் அப்பளம் தின்று பதினெட்டு வருஷம் ஆகிறது, சார்ஜன். நொறுங்குகிற சத்தம் காதுக்கு ஆகாது.

சுங்கை லாலாங் தொழிற்சாலையில் என் வேலையே காதுதான். ஃபைபர் துணியைப் பிசினில் நனைத்து, அடுக்கடுக்காக ஒட்டி, சூளையில் வேகவைத்துப் படகுப் பாகங்கள் செய்கிறோம். அடுக்குகளுக்கு நடுவே காற்று நின்றுவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. கடலில்தான் தெரியும். ரப்பர் மரத்தில் பால்வெட்டும் கத்தியின் பிடியில் ஐம்பது காசு ஒன்றைப் பதித்து நானே ஒரு சுத்தியல் செய்தேன். தட்டினால் நல்ல பாகம் கணீரென்று பதில் சொல்லும். கெட்டது தொப்பென்று முனகும். ஒருமுறை கோலா கெடாவில் ஒரு படகைத் தட்டிவிட்டு, அடியில் ஒட்டியிருக்கும் சிப்பிகளில் நாலு காலி என்றேன். மூழ்கிப் பார்த்தவன் வந்து ஐந்து என்றான். அவன் எண்ணியதில் பிழை.

சூளைக் கதவும் என் கண்டுபிடிப்புதான். சூளைக்கு இரண்டு வாசல். உள்ளே சரிபார்க்கப் போகிறவர் பின்வாசலால் வெளியேறி, "சுடா" என்று குரல் கொடுக்க வேண்டும். மலாயில் முடிந்தது என்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். உடனே நான் முன்கதவை இழுப்பேன். தாழ் விழுந்தால் இரண்டு வாசலும் இறுகி, நெருப்பு தானாகப் பற்றிக்கொள்ளும். ஆறு வருஷமாக ஒருவருக்கும் கொப்புளம்கூட வந்ததில்லை.

இந்த வருஷம், எண்பத்து மூன்றில், இன்ஜினியர் அழகேசன் ஒலிப்பெட்டி ஒன்றைச் செய்துகொண்டு வந்தார். பாகத்தின் மேல் வைத்தால் திரையில் பச்சைக் கோடு துள்ளும். நல்ல பிள்ளை. எனக்கு எந்தக் கோபமும் இல்லை. நான் வேண்டாமென்று தள்ளிய சுக்கான் ஒன்றை அந்தப் பெட்டி பாஸ் என்றது. மேனேஜர் அறுத்துப் பார்க்கச் சொன்னார். உள்ளே காற்று இல்லை. ரம்பம் போட்டதும் வெளியே போயிருக்கும். அதை யாரும் யோசிக்கவில்லை.

அழகேசன் எல்லாருக்கும் எதிரில் என் தோளில் கைபோட்டார். "அண்ணே, காதுக்கு ரிட்டயர் குடுங்கலா. இனிமே பெட்டி கேட்டுக்கும்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

போன வியாழக்கிழமை அவர் வெப்பமானி பொருத்தச் சூளைக்குள் போனார். காலையில் எரிந்த சூடு இன்னும் ஆறவில்லை. நான் வெளியிலிருந்து "சுடாவா?" என்று கேட்டேன். உள்ளிருந்து ஒரு சொல் வந்தது. கதவை இழுத்தேன். நல்ல தாழ் அது. உடைக்க நாற்பது நிமிஷம் ஆனது.

நீங்கள் நல்லவர், சார்ஜன் முருகையா. போலீஸ் ஸ்டேஷனில் உட்காரவைத்து, தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னீர்கள்: "அவரு 'சூடா' இருக்குன்னு சொல்ல வந்திருப்பாரு, உங்களுக்கு 'சுடா'ன்னு கேட்டிருக்கும். வயசான காதுலா, அண்ணே. அப்படியே எழுதிக்கிறேன், வீட்டுக்குப் போங்க." மேனேஜரும் அதையேதான் சொல்லிவிட்டுப் போனார். கையெழுத்துப் போட்டால் இன்றைக்கே பெடோங் வீட்டில் என் கட்டிலில் படுக்கலாம்.

போட மாட்டேன். அந்தத் தாளை நாளைக்குத் தொழிற்சாலையில் படிப்பார்கள். கிழவனுக்குக் காது போய்விட்டது, பெட்டி சொன்னதுதான் சரி என்பார்கள்.

அதை அடித்துவிட்டு இப்படி எழுதுங்கள். நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்தவன். குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரு மாத்திரை வித்தியாசம். அழகேசன் சொன்னது நெடில். கதவில் கை வைத்திருக்கும்போதே தெளிவாகக் கேட்டது. தாழ் விழுந்த பிறகு இன்னொரு முறையும் சொன்னார். அதுவும் நெடில்தான்.

என் காதில் ஒரு பழுதும் இல்லை.