கவிப்ரியாவுக்கு நான் சொன்ன படங்கள்

ஆசிரியர்-மாணவர் கதை சொல்லும் படங்களை மத்தியானத்தில் போடக் கூடாது. எங்கள் உச்சிப்புளி ஊர் வெயிலில் வகுப்பறைச் சன்னல்களை எத்தனை சாக்கு கட்டி மறைத்தாலும் திரையில் முகம் தெரியாது. அழ வேண்டிய இடத்தில் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். அதனால் சனிக்கிழமை சாயங்காலம்தான் போடுவேன். இதைக் கேட்கவா விசாரணைக்கு ராமநாதபுரத்திலிருந்து வந்தேன் என்று நினைக்காதீர்கள், மேடம். கவிப்ரியாவின் விஷயம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

இந்தப் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாக நான் ஓவிய ஆசிரியர். பிள்ளைகள் பார்க்க வேண்டிய படத்தை மாதம் ஒன்றாக நோட்டீஸ் போர்டில் எழுதிப் போடுவேன். பாட்டு வாத்தியாரைத் தேடி வரும் பாடகி, நாட்டிய ஆசிரியைக்காகப் பள்ளியையே எதிர்த்து நிற்கும் பையன், இந்த மாதிரி. எல்லாவற்றிலும் பிள்ளை வெளியூர் போய்ப் பெரிய ஆளாகி, கடைசியில் திரும்பி வரும். என்னிடம் படித்த மூன்று பேர் சென்னையில் ஓவியக் கல்லூரிக்குப் போனார்கள். ஒருவர்கூட ஒரு போன் செய்யவில்லை. குறையாகச் சொல்லவில்லை. படம் வேறு, பிள்ளைகள் வேறு என்று தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான்.

கவிப்ரியா அந்த மூவரையும்விட மேலே. அவளுடைய அப்பா உக்கிரபாண்டி மிளகாய்க் காட்டில் கூலி வேலை பார்ப்பவர். வற்றல் காயும் களத்தை அவள் வரைந்தால் பார்ப்பவருக்குத் தும்மல் வரும். கல்லூரிக்கு விண்ணப்பம் நான்தான் போட்டேன். அவள் வீட்டில் பட்டன் போன் மட்டும் இருந்ததால் என் எண்ணைக் கொடுத்தேன். அன்றைக்குச் சந்தோஷமாகக் கேட்டாள்:

"சார், அங்கன போயிட்டா இந்தப் பூச்சாடி, ஆப்பிளெல்லாம் வரைய வேணாம்ல?"

பூச்சாடியும் ஆப்பிளும் நான் சொல்லிக்கொடுத்தவை. சிரித்தேன்.

ஜூலையில் என் போனுக்குச் செய்தி வந்தது. இடம் கிடைத்திருந்தது. விருப்பம் உண்டா இல்லையா என்று மூன்று நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். நான் அவசரப்படும் ஆள் இல்லை. இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் 'விருப்பமில்லை' என்பதை அழுத்தினேன். அவளிடம் இடம் கிடைக்கவில்லை என்றேன். அந்தச் சனிக்கிழமை, தோற்ற மாணவியை ஆசிரியர் தேற்றும் படம் ஒன்றைப் போட்டேன். நன்றாக அழுதாள். மனம் லேசாகியிருக்கும்.

மறுவருடமும் விண்ணப்பித்தோம். அதே எண்தான். இந்த முறை யோசிக்க ஒரு நாள் போதுமானதாக இருந்தது.

உக்கிரபாண்டி பள்ளிக்கே வந்தார். "போதும் சார். ரெண்டு வருசமா நீங்களும் ஒத்தையா நின்னு பாத்துட்டீக. இனி எறா கம்பெனிக்கு அனுப்புறேன்" என்று என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இறால் உரிக்கும் இடத்தில் நாள் முழுக்க ஐஸில் கை கிடக்கும். விரல் நுனி வெடித்து மரத்துப்போகும். மெல்லிய பிரஷ் பிடிக்க வராது, சாக்பீஸ் பிடிக்கலாம். சனிக்கிழமைகளில் படம் பார்க்க வரச் சொன்னேன். தவறாமல் வந்தாள். போகாத பிள்ளை திரும்பி வர வேண்டிய அவசியமே இல்லை, பாருங்கள்.

போன மாதம் கல்லூரிக்கே எழுதிக் கேட்டிருக்கிறாள். பதில் கடிதத்தோடு நேரே வகுப்பறைக்கு வந்தாள். படம் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் முன்னால் சத்தம் போடவில்லை, நல்ல வளர்ப்பு.

"ரெண்டு தடவையும் எடம் கெடச்சிருக்கு சார். நாந்தான் வேணாம்னு சொன்னதாப் போட்டிருக்கு. எந்த நம்பர்ல இருந்துன்னும் போட்டிருக்கு."

"நாந்தாம்மா அழுத்துனேன்" என்றேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

அவள் தன் விரல்களைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. உதடு துடித்ததே தவிர ஒரு சொல் வரவில்லை. கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனாள். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பிள்ளை என் முன்னால் அப்படி நின்றது அதுதான் முதல் தடவை.

புகாரில் அவள் என்ன எழுதியிருந்தாலும் இருக்கட்டும், மேடம். நன்றி சொல்ல வந்து சொல் கிடைக்காமல் போன பிள்ளையை எனக்கா அடையாளம் தெரியாது?