அக்கா அறைக்குத் தனி சுவிட்சு

வீட்டில் மின்சாரப் பெட்டி மாட்ட நல்ல இடம் எது என்று கேட்டால், நடைவழி என்றுதான் சொல்வேன். ஈரம் படாது, கைக்கு எட்டும், எந்த அறைக்குள்ளும் போகாமலே காரியம் முடிந்துவிடும். எங்கள் பழைய பெட்டி சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருந்தது. மரப்பலகையில் ஒரு மெயின் சுவிட்சு, இரண்டு பீங்கான் ஃபியூஸ், அவ்வளவுதான். எதில் கோளாறு வந்தாலும் வீடே இருண்டுபோகும். கம்பி கட்டிக் கட்டி நானே அரை எலக்ட்ரீஷியன் ஆகியிருந்தேன்.

மாற்றச் சொன்னவன் தம்பி. வெளியூரிலிருந்து போனில் கேட்டான். "சின்னக்கா, அந்தப் பொட்டி தீப்பிடிச்சா பெரியக்காவைத் தூக்கிட்டு ஓட உன்னால முடியுமா?" நியாயமான கேள்வி. அவன் அவளை ஒருநாளும் தூக்கியதில்லை, ஆனாலும் நியாயம்தான்.

அக்காவுக்கு நுரையீரல் போய் ஒன்பது வருடம். லாண்டரியின் ஆவியிலும் மருந்து நெடியிலும் இருபது வருடம் நின்று எங்கள் இரண்டு பேரையும் ஆளாக்கியவள். அங்கேதான் அது போனது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். கரண்ட் போனால் அது கூவும். உடனே ஓடிப்போய்க் குழாயை மூலையில் இருக்கும் சிலிண்டருக்கு மாற்ற வேண்டும். அது இல்லாத நேரத்தில் இருமல், புரட்டிப் படுக்கவைப்பது, துணி மாற்றுவது. ஒன்பது வருடமாக நான் சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம் தூங்கியதில்லை. இதைப் புகாராகச் சொல்லவில்லை. நீங்கள் ஏன் என்று கேட்டதால் சொல்கிறேன்.

ஒருதடவை அந்த மெஷினின் பொத்தான்மேல் விரலை வைத்தேன். அக்கா வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். விரல் அழுத்த மறுத்துவிட்டது. அப்படிச் செய்தால் அது கொலை. நான் அப்படிப்பட்டவள் இல்லை.

எலக்ட்ரீஷியன் நல்ல மனிதர். ஒரே நாளில் நடைவழியில் புதுப் பெட்டியை மாட்டி முடித்து, ஒவ்வொரு சுவிட்சாகத் தட்டிக் காட்டினார். "இனிமே ஒரு ரூமுக்காக வீடே இருட்டுல கெடக்க வேண்டாம்மா. எந்த ரூமுக்கு வேண்டாமோ அதை மட்டும் அணைச்சுக்கலாம்." அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை, தயவுசெய்து அவரைக் கூப்பிட்டு அலைக்கழிக்காதீர்கள். பெயர் எழுதி ஒட்டச் சொன்னார். ஹால், சமையல், குளியலறை என்று எழுதினேன். கடைசிச் சீட்டில் அக்கா என்று எழுதினேன்.

இரண்டு வாரம் பெட்டியைச் சும்மா திறந்து பார்த்து மூடினேன். நம்புவீர்களோ மாட்டீர்களோ, அந்த மூடிக்கு முன்னால் நின்று அழுதிருக்கிறேன். என்னை யாராவது வந்து பிடித்து இழுத்துக்கொண்டு போகமாட்டார்களா என்றிருந்தது. யாரும் வரவில்லை. நடைவழியில் ஒருவருடைய முகமும் கிடையாது, என் கையெழுத்து மட்டும்தான்.

வியாழக்கிழமை காலை பத்தரைக்கு அந்தச் சுவிட்சைக் கீழே இறக்கினேன். மெஷின் கூவியது. உள்ளே போய்ப் பொத்தானை அழுத்திச் சத்தத்தை நிறுத்தினேன். அப்போது அதில் கரண்டே இல்லை, அதனால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். சிலிண்டர்ப் பக்கம் போகவில்லை.

"கரண்ட் போச்சாடி?" என்றாள் அக்கா.

"ஆமாக்கா. தெரு முழுக்க இல்ல."

குளியலறையில் வாஷிங் மெஷின் அவளுடைய விரிப்புகளைச் சுற்றிப் பிழிகிற சத்தம் வீடெல்லாம் கேட்டது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மூச்சுக்கு நடுவே ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"சரி. நீ போய்த் துணியைக் காயப்போடு. இங்க நிக்காத. கதவைச் சாத்திட்டுப் போ."

போனேன். மாடியில் ஒவ்வொன்றையும் உதறி, சுருக்கம் எடுத்துக் கொடியில் போட்டேன். கீழே வந்து பார்த்தபோது அவள் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தாள். போர்வை முனையைப் பல்லில் கடித்திருந்தாள். குளிரெடுத்திருக்கும் போல. அதை மெதுவாக எடுத்துவிட்டு, சுவிட்சை மறுபடி மேலே தூக்கினேன். பிறகு ஹாலில் படுத்து மறுநாள் காலை வரை தூங்கினேன். தம்பி பதினேழு தடவை கூப்பிட்டானாம், எனக்குத் தெரியாது.

எழுதிக்கொள்ளுங்கள், நான்தான் செய்தேன். மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் அவள் கஷ்டப்பட்டாள் என்று மட்டும் எழுதாதீர்கள். சத்தம்கூடப் போடவில்லையே. கரண்ட் போய்விட்டது என்று நான் சொன்னதை அக்கா அப்படியே நம்பிவிட்டாள்.