ஏணியின் மேல்படி

— கட்டர் வச்சுக் கதவை அறுத்துடுங்களேன் மாமா. எவ்வளவு நேரந்தான் உள்ளயே மாட்டிக்கிட்டுக் கெடக்கிறது?

— அறுத்தா பொறி பறக்கும், பாப்பா. உள்ள ஹைட்ரஜன் கசிஞ்சிருந்தா நீயும் போயிடுவ, நானும் போயிடுவேன். தாழ்ப்பாள் உப்புக் காத்துல துருப்பிடிச்சுக் கெடக்கு. எண்ணெய் விட்டிருக்கேன். பதறாத, பதறாத.

— கசிஞ்சிருந்தா அலாரம் அடிச்சிருக்குமே?

— ம்... அடிச்சிருக்கும்.

— தொண்டை எரியுது. நீச்சல்குளத்து வாடை மாதிரி அடிக்குது மாமா.

— குளோரினா? அப்போ வடிகட்டி போயிடுச்சு. கடல்தண்ணி உப்போடயே ஹைட்ரஜன் பிரிக்கிற செல்லுக்குள்ள போகுது. இரு, செல்லுக்குப் போற கரண்ட்டை நிறுத்தச் சொல்றேன்... சொல்லிட்டேன். தரையில உக்காந்திருக்கியா?

— ஆமா. தலை சுத்துது.

— எந்திரி! குளோரின் கனமான வாயு, கீழதான் தேங்கும்.

— தேங்கித் தேங்கிக் கழுத்து வரைக்கும் வந்தா? இங்க ஏணி இருக்கு, ஏறட்டுமா?

— ...

— மாமா? இருக்கீங்களா?

— இருக்கேன்.

— சூப்பர்வைசரா சொல்லுங்க, இல்ல அக்கா புருஷனா சொல்லுங்க. ஏதாவது சொல்லித் தொலைங்க! மேல ஹைட்ரஜன் இருந்தா?

— அதுக்கு நெருப்பு வேணும். குளோரினுக்கு உன் நுரையீரலே போதும். ஏறு. மேல்படி வரைக்கும் ஏறு.

— ஏறிட்டேன்... இங்க மூச்சு விட முடியுது. மாமா, கூரையில கேஸ் சென்சார் மேல பாலித்தீன் பையை மாட்டி டேப் சுத்தியிருக்கு.

— தாழ்ப்பாள் அசையுது, பாப்பா. இன்னும் கொஞ்ச நேரந்தான்.

— பேச்சை மாத்தாதீங்க. இது யார் வேலை?

— அலாரம் அடிச்சா எல்லா மெஷினும் தானா நின்னுடும். இந்த வருஷம் ஒருநாள்கூட நிக்கக் கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு.

— வாசல்ல பசுமை ஹைட்ரஜன்னு போர்டு, உள்ள பாலித்தீன் பை! கட்டினது யாருன்னு கேட்டேன்.

— நான்தான்.

— தீக்காயத்தோட போனாரே பம்ப் ஆபரேட்டர்... அலாரம் அடிக்கவே இல்லைன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டார். அவர் கவனக்குறைவுன்னு எழுதி வீட்டுக்கு அனுப்புனீங்களே!

— என்னை என்ன பண்ணச் சொல்ற? மத்தளம் மாதிரி ரெண்டு பக்கமும் இடி வாங்குறேன். வாயைத் திறந்தா அடுத்தது நான்.

— ஏணியில ஏறினா பாத்துடுவேன்னு தெரியும்ல?

— தெரியும்.

— அப்புறம் ஏன் ஏறச் சொன்னீங்க?

— கண்ணு முன்னாடி உன்னைச் சாக விட்டுட்டு, உங்க அக்கா முகத்துல எப்படி முழிப்பேன்?

— முதல்ல கதவைத் திறங்க.

— திறந்துடுச்சு! அப்பாடா! எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுது, வாடையும் குறைஞ்சிடுச்சு. மெதுவா இறங்கி வா. அந்தப் பையையும் கழட்டிக் கொண்டா, பாப்பா. உன் கால்ல விழுறேன்.

— கொஞ்சம் தள்ளி நில்லுங்க மாமா.

— எதுக்கு?

— கதவைச் சாத்தணும். பாதுகாப்பு அதிகாரி வந்து இதைத் தன் கண்ணால பாக்கிற வரைக்கும் நான் வெளிய வர்றதா இல்ல.