முதல் பாகம் முடியும் இடம்

— ஆயிரத்து நூத்தி நாப்பது பக்கம், உமா. நம்ம மலை ஈரத்துக்கு ஒரே வருசத்துல பசை விட்டுப் போயிடும் லா. ரெண்டு பாகமாப் பிரிச்சா ரெண்டும் நிக்கும்.

— பசைக்காகவா சார் என் நாவலைப் பிரிக்கறீங்க?

— மெதுவாப் பேசு. பின் சீட்டுல பழனியண்ணன் தூங்கறாரு.

— தாப்பா ஆஸ்பத்திரியில கண்ணு ஆபரேசன் முடிச்சு மாத்திரை குடுத்திருக்காங்க. ஏறினதுல இருந்து குறட்டைதான். நீங்க பதில் சொல்லுங்க.

— ரிங்லெட் டவுன்ல முப்பது வருசமா அச்சாபீஸ் வச்சிருக்கேன். ஆயிரம் பக்கத்தை ஒரே மூச்சுல தூக்கிப் படிக்க இங்க யாருக்கும்மா நேரம்? இந்த வருசம் முதல் பாகம். சனம் படிச்சு ருசி கண்டதும் ரெண்டாவது. நீ டீக்கடை கவுண்டருக்கு அடியில வச்சுப் படிக்கறியே ரஷ்யாக்காரன், பிரெஞ்சுக்காரன், அவன்லாம் நாலு பாகம் அஞ்சு பாகம்னு போடலியா?

— போட்டாங்க. ஆனா அந்த முதல் பாகத்துல வந்த ஆளு படிச்சவங்களுக்குப் பக்கத்து வீட்டுல குடியிருக்கல சார்.

— முன்னால நிக்கற இந்த லோரி ஏன் நகர மாட்டேங்குது?

— மண்ணு சரிஞ்சு ஒரு பக்கம்தான் விடறாங்க. மேல இருந்து வர்ற காய்கறி லோரி எல்லாம் இறங்கணும். நேரம் நிறைய இருக்கு. முதல் பாகம் எங்க முடியுது, சொல்லுங்க.

— உனக்குத் தெரியாததா?

— உங்க வாயால கேக்கணும்.

— தோட்டத்துப் பெரட்டுல முடியுது. விடிகாலையில ஆளுங்க வரிசையா நிக்கறாங்க. கணக்கெழுதற கிராணி பேர் கூப்பிடறாரு. ஸ்ட்ரைக்குக்கு ரகசியமாப் பேர் குடுத்த பதினெட்டுப் பேர்ல பதினேழு பேரோட பேரை மட்டும் கூப்பிடல. அவங்க குடும்பத்தை எல்லாம் மத்தியானமே லோரியில ஏத்தி மலைய விட்டு இறக்கிடறாங்க.

— பதினெட்டாவது ஆளு?

— அவன் பேரை மட்டும் கூப்பிடறாரு. அவனும் 'இருக்கேன்'ங்கறான். அதோட முடியுது.

— அங்க நிறுத்தினா படிக்கறவன் என்ன நினைப்பான்? இவன்தான் மத்தவங்களைக் காட்டிக்குடுத்தவன்னு. கதையில நான் பேரை மாத்தியிருக்கேன். எங்க லயத்துல யாருக்குத் தெரியாது அது இப்ப பின்னால தூங்கற பழனியப்பன் தாத்தான்னு? எழுபத்தேழாம் வருசத்துல இருந்து அவர் வீட்டுல யாரும் கை நனைக்கறதில்ல. முனீஸ்வரன் பூசையில அவர் கையால விபூதி வாங்க மாட்டாங்க. நான் பொறந்ததுல இருந்து பக்கத்து வீட்டுல பாக்கறேன். இப்ப நானே அச்சடிச்சுக் குடுக்கணுமா?

— ஒரே வருசம்தான். அடுத்த பாகத்துல அவர் பேரு சுத்தமாயிடுது.

— அவருக்கு எழுபத்தெட்டு சார். அடுத்த பாகத்துக்கு இருப்பாருன்னு எழுதிக் குடுங்க.

— உமா, பொறு.

— ஏழு வருசம் பொறுத்தாச்சு. எழுத எழுதச் சாயங்காலம் அவருக்குப் படிச்சுக் காட்டினேன். முதல் பாதி முடிஞ்ச அன்னிக்கு அவரு அழுத அழுகைய நீங்க பாக்கல. மேல படிக்க வேணாம்னுட்டாரு. பின்னால எல்லாம் சரியாயிடும் தாத்தா, புத்தகம் வரட்டும், கோயில் திருவிழாவுல எல்லார் முன்னாலயும் படிக்கறேன்னு சொல்லியிருக்கேன்.

— அவரு என்ன சொன்னாரு?

— தண்ணி கேட்டாரு.

— பாவம்.

— பாவம்னு சொல்லிட்டுப் பாதியா வெட்டறீங்க. உண்மைய நான் சொல்லட்டுமா? ரெண்டாவது பாகத்தை நீங்க போடவே போறதில்ல. அதுல கிராணிதான் அந்த லிஸ்ட்டை எழுதி மேனேஜர் துரைகிட்ட குடுக்கறாரு. பழி தன் மேல வரக்கூடாதுன்னு தாத்தா பேரைக் கூப்பிடறாரு. அந்தக் கிராணி உங்க அப்பா.

— நீ சொல்லாமலே இருப்பேன்னு நினைச்சேன்.

— நானும் நீங்களே சொல்லுவீங்கன்னுதான் காத்திருந்தேன்.

— எங்கம்மாவுக்கு எண்பத்திநாலு, உமா. இன்னிக்கும் ஞாயித்துக்கிழமை மாதா கோயில்ல முன் பெஞ்சுதான். கிராணியம்மான்னு எந்திரிச்சு இடம் விடறாங்க. என் அச்சாபீஸ்ல இருந்து வர்ற எல்லாத்தையும் கண்ணாடி போட்டுக்கிட்டு எழுத்தெழுத்தாப் படிப்பாங்க. அதைப் போட்ட கையால நான் எப்படி அவங்களுக்குச் சோறு போடுவேன்?

— அதனால உங்கம்மா போனப்புறம் போடலாம். அதுக்குள்ள தாத்தா போயிட்டா அவரு துரோகியாவே போகட்டும். யாரு முந்திக்கறாங்கன்னு நான் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும்.

— நான் அப்படிச் சொல்லல.

— வேற எப்படிச் சொன்னீங்க?

— நீ ஒரு கடுதாசிய வச்சு எங்கப்பாவைத் தூக்குல போட்டிருக்க. அந்தக் கோவம் எனக்கு இருக்காதா?

— தோட்டத்துப் பழைய ஆபீசை இடிச்சப்ப என் கையால பொறுக்கின கடுதாசி. பதினேழு பேரும் வரிசையா இருக்கு. பெரட்டுப் புத்தகத்தையும் அதையும் பக்கத்துல வச்சுப் பாத்தேன். ஒரே கையெழுத்து. இல்லைன்னு சொல்லுங்க பாப்போம்.

— கையெழுத்து அவரோடதுதான். கேள்வி அது இல்ல. அப்ப லயத்துல பாதிப் பேருக்கு எழுத வராது. ஊருக்குக் கடுதாசி, லீவு கேட்டுக் கடுதாசி, பொண்ணு பாக்கக் கடுதாசின்னு எல்லாம் எங்க வீட்டுப் பின்வாசல்லதான். அவங்க சொல்லச் சொல்ல அப்பா எழுதுவாரு. என்ன எழுதினாருன்னு அம்மாகிட்டகூடச் சொல்ல மாட்டாரு.

— அந்த லிஸ்ட்டும் யாரோ சொல்லித்தான் எழுதினாரா? யாரு சார்?

— தெரியல.

— தெரியலன்னு ஒரு ஆளை நான் அத்தியாயத்துல வைக்க முடியாது.

— சாகறதுக்கு முன்னால கேட்டேன். செவுத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டாரு.

— குத்தம் இல்லாதவரு ஏன் சார் திரும்பிப் படுக்கணும்?

— இரும்மா, கண்ணைத் துடைச்சுக்கறேன். ரோடு மங்கலாத் தெரியுது.

— நான் உங்களை அழ வைக்கணும்னு சொல்லல. முன்னால பாருங்க, லோரி நகருது.

— பாத்தேன்.

— வேற அச்சாபீஸ் தேடிக்கவா?

— வேணாம். அண்ணன் உசிரோட இருக்காரு. எங்கப்பா இல்ல. ஒரே புத்தகமாப் போடறேன். பசை வேணாம், தைச்சே கட்டிடறேன். திருவிழாவுக்குள்ள கையில இருக்கும்.

— நிஜமாவா சார்?

— அம்மாகிட்ட நானே முதல்ல சொல்லிடறேன். அதுக்கு மட்டும் ஒரு வாரம் குடு.

— தாயி.

— தாத்தா? முழிச்சிட்டீங்களா? கண்ணுக்கட்டைத் தொடாதீங்க, கைய எடுங்க.

— தூங்கினாத்தானே முழிக்கறதுக்கு. கண்ணைத்தான் கட்டியிருக்கான், காதைக் கட்டல.

— அப்ப எல்லாம் கேட்டுட்டீங்களா? நல்ல சேதிதான் தாத்தா. ஒரே புத்தகமா வருது.

— பின் பாதியில நான் நல்லவனா?

— ஆமா தாத்தா.

— கிராணிதான் எல்லாம் பண்ணினவரா?

— ஆமா.

— ஆர்தர் தம்பி, வண்டிய ஓரம் கட்டு.

— என்னண்ணே, வாந்தி வருதா?

— இல்லப்பா. உங்கப்பாவைப் பத்திப் பேசணும், வண்டி ஓடிக்கிட்டே இருந்தா எனக்கு வராது.

— நிறுத்திட்டேன். சொல்லுங்க.

— அந்த லிஸ்ட்டு எழுதின அன்னிக்குச் சாயங்காலம் உங்க வீட்டுப் பின்வாசல்ல நின்னேன். நீ சின்னப்புள்ள, படியில உக்காந்து ரொட்டி தின்னுக்கிட்டு இருந்த. வீட்டுல எம் பொஞ்சாதிக்கு ஒம்பதாம் மாசம். லயத்தை விட்டுத் துரத்தினா எங்க போவேன்னு பயம். எனக்கு எழுத வராது.

— தாத்தா, வேணாம்.

— வேணாம்டா பழனின்னுதான் கிராணியும் சொன்னாரு. நீங்க எழுதலன்னா நேரா துரைகிட்ட போறேன்னேன். ஒவ்வொரு பேரா நான் சொன்னேன், அவரு எழுதினாரு. பதினேழு முடிஞ்சதும் பேனாவை மூடிட்டு என்னையே பாத்தாரு. சாகறவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல.

— அப்ப அன்னிக்கு ஏன் அழுதீங்க? நான் படிச்சப்ப ஏன் தாத்தா அழுதீங்க?

— எம் புள்ள மாதிரி ஒருத்தி நான்தான் காட்டிக்குடுத்தவன்னு தெரிஞ்சும் எம் பக்கத்துல உக்காந்திருக்காளேன்னு அழுதேன். முதல் பாகத்தோட நிறுத்திக்க தாயி. அது சரியாத்தான் இருக்கு.