பெருமாள் உட்கார்ந்த நாற்காலி

தலைமையேற்றுத் தகைமையால் இவ்வரங்கை நிறைத்திருக்கும் பகவதி அம்மையார் அவர்களே! அல்வால் தமிழ் மன்றத்து அருமைப் பெரியோரே! பிள்ளைகள் தெலுங்கில் கேட்டாலும் தமிழிலேயே அதட்டும் தாய்மார்களே! ஜீடிமெட்லாவிலிருந்து பேருந்து மாறி மாறி வந்த நண்பர்களே! திருநாவுக்கரசின் வணக்கம்.

நாம் பாராட்ட வந்திருப்பது நம் பத்மப்ரியாவை. ஹைடெக் சிட்டி நிறுவனமொன்றில் ஆய்வாளர். ஒரு கண்ணாடி செய்திருக்கிறார். மாட்டிக்கொண்டால் இருப்பதும் தெரியும்; இல்லாததும் இருப்பதுபோல் தெரியும்! காலி நாற்காலியைப் பார்த்தால், மீசைக்காரர் ஒருவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பார். கணினி வரைந்த ஆள். ஆய்வுக்கூடத்தில் அவர் பெயர் பெருமாள். ஹவ், ஹவ், ஆமாம் ஆமாம் என்று தலையாட்டும் மல்லாபூர் நண்பரே, நம் பொருளாளர் பெருமாள் இல்லை, இவர் வேறு!

கண்ணாடியைக் கழற்றிய பிறகும் மனம் அவரை நம்புமா? அதுதான் ஆய்வு. சோதித்துப் பார்க்க ஆள் வேண்டுமென்றார். என் மனைவி திரிபுரசுந்தரி போனார். மாட்டினார், பார்த்தார், கழற்றினார். அந்த நாற்காலியில் உட்காரச் சொன்னால் மறுத்துவிட்டார்.

"இப்பத்தானே ஒருத்தர் உக்காந்திருந்தாரு. சூடு ஆறட்டும்மா."

இந்த நேரத்தில்தான் இடி விழுந்தது. இதெல்லாம் வீண் வேலை, இந்த ஆய்வுக் குழுவைக் கலைத்துவிடலாம் என்றார் நிறுவனத்தின் இயக்குநர் சௌந்தரராஜன். பத்மப்ரியா கலங்கினாரா? கலங்கினார். சோறு இறங்கவில்லை என்று என் மனைவியிடம் வந்து அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு போய், நேரில் பார்த்துவிட்டுக் கலையுங்கள் சார் என்று கேட்டுக்கொண்டார்.

வந்தார் இயக்குநர். மாட்டினார். பெருமாளைப் பார்த்தார். கழற்றினார். வெறும் பொம்மை, படித்தவன் எவனும் ஏமாறமாட்டான் என்று பேசத் தொடங்கினார். பேசினார், பேசினார், நின்றுகொண்டே பேசினார்! கால் மாற்றி நின்றார். சுவரில் சாய்ந்து நின்றார். முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாற்காலியோ பக்கத்திலேயே காலி!

"உக்காருங்க சார்" என்றார் பத்மப்ரியா.

"இருக்கட்டும்மா."

"அங்க யாரும் இல்லையே சார்."

நாற்காலியைப் பார்த்தார். மெல்ல உட்கார்ந்தார். எங்கே? நுனியில்! முக்கால்வாசி இடத்தைப் பெருமாளுக்கு விட்டுவிட்டு! அப்போதுதான் தன் கோலம் தனக்கே தெரிந்து, விழுந்து விழுந்து சிரித்தார். குழுவைக் கலைக்கும் பேச்சை அன்றோடு விட்டார்.

அந்த ஆய்வைத்தான் அயல்நாட்டு அறிஞர் அவையில் வாசித்துத் திரும்பியிருக்கிறார் நம் பெண்! அன்பர்களே, கண் ஏமாறியது கண்ணாடியால். மனம் ஏமாறியது எதனால்? மரியாதையால்! முகம் தெரியாதவருக்கு இடம்விட்ட மனிதகுலம், முகமே இல்லாதவருக்கும் இடம்விடுகிறது! அந்த மனத்தை அளந்த மகளை வாழ்த்த, எங்கே, உங்கள் கைகள் ஓங்கி ஒலிக்கட்டும்!

பொறுமையோடு கேட்ட உங்கள் காதுகளுக்கு நன்றி சொல்லி, கைகூப்பி விடைபெறுகிறேன்.