இடது தோள்

காரைக்காலிலிருந்து நெடுங்காடு போகும் பஸ்ஸில், முன் சீட்டில் மகளை மடியில் வைத்திருந்த பெண், பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "செல்வி, என் தோள்ல இருக்குற தழும்ப அழுத்திப் பாரு."

"வேணாம்க்கா. சேலை பட்டாலே துடிச்சுப்போவீங்க."

"அழுத்து, சொல்றேன்."

செல்வி ரவிக்கைக்கு மேலேயே ஒரு விரலை வைத்தாள். "எவ்வளவு தடிப்பா இருந்துச்சு. எங்க போச்சுக்கா?"

"ஒரேயொரு அம்மைக் கொப்புளம்தான் அப்படி வளந்துச்சு. அறுத்து எடுத்துடுங்கன்னு டாக்டர்கிட்ட கெஞ்சினேன். வெறுமன அறுத்தா இதவிடப் பெருசா வளரும்னுட்டாங்க. மாசா மாசம் தழும்புக்குள்ளயே ஊசி போட்டாங்க. வீட்டுல தழும்பு மேல சிலிக்கோன் பட்டை ஒட்டிக்கிட்டேன்."

"வலிக்கலையா?"

"உயிரே போயிடும். ஆனா போவப்போவ அரிப்பு நின்னுச்சு, அப்பறம் மெல்ல அமுங்குச்சு. திரும்ப வரலாமாம், பாத்துக்கிட்டே இருக்கணுமாம்."

செல்வி விரலை எடுக்கவில்லை. "நம்பவே முடியலக்கா."

"எனக்கே முடியல. பொறந்ததுலேருந்து இவள இந்தப் பக்கம் சாயவிட்டதே இல்ல."

மகளுக்குத் தூக்கம் வந்துவிட்டது. பழக்கத்தில் வலது தோளைத் தேடினாள். அம்மா அவள் தலையைப் பிடித்து இடது தோளில் சாய்த்தாள். சிறுமி சட்டென்று நிமிர்ந்தாள்.

"வலிக்குமேம்மா."

"வலிக்காது. படு."

அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தபடியே கன்னத்தை வைத்தாள். தலையின் பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்கினாள்.