வில்லன் சொன்ன இரண்டு சொல்

என் பெயரும் தகப்பனார் பெயரும் முதல் தாளில் எழுதப்பட்டுள்ளன. வயது நாற்பத்தெட்டு. திருமணம் ஆகவில்லை. அக்கா வீட்டு மாடியில் ஒற்றை அறையில் குடியிருக்கிறேன். வேற்றுமொழிப் படங்களுக்கு டப்பிங் குரல் கொடுப்பது தொழில். இருபத்திரண்டு வருடமாக வில்லன்களுக்கு மட்டுமே பேசி வருவதால் ஸ்டூடியோவில் என்னை வில்லன் என்றே கூப்பிடுவார்கள். என் அதட்டலுக்கு வீட்டுப் பூனைகூட எழுந்து போகாது என்பது அக்காவின் கட்சி.

இந்தப் புகாரில் குற்றம் சாட்டப்பட்டவர் எங்கள் ஒலிப்பதிவாளர். காது என்பது நாங்கள் அவருக்கு வைத்த பெயர். பதினோரு வருடமாகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானும் வேலை செய்கிறோம். பதிவு நடக்கும்போது ஏசி, மின்விசிறி எல்லாவற்றையும் அணைத்துவிடுவார்கள். சட்டை உரசினால்கூட மைக்கில் விழும். வயிறு கத்தினாலும் விழும். நான் சாப்பிடாமல் வந்த நாட்களில் அவர் ஹெட்போனில் அதைக் கேட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்து கதவிடுக்கில் இரண்டு பிஸ்கட்டை நீட்டுவார். இது புகாருக்குத் தேவையில்லை என்றால் விட்டுவிடலாம் என்று சொன்னேன். காவல் ஆய்வாளர் அம்மா, இருக்கட்டும் என்றார்.

சென்ற மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்குப் படத்தின் கடைசிக் காட்சியைப் பதிவு செய்தோம். வில்லன் ஒரு கடத்தல்காரன், கதாநாயகன் அவனோடு சேர்ந்து வளர்ந்த போலீஸ் அதிகாரி. மழையில் வில்லன் துப்பாக்கியை நீட்டியபடி நிற்கிறான். கதாநாயகன் திரும்பி நடக்கிறான். வில்லன் சுடாமல், "போ" என்கிறான். அப்போது வில்லனின் பிடரிதான் திரையில் தெரியும். இதை நாங்கள் முதுகு ஷாட் என்போம். உதடு தெரியாததால் எதைப் பேசினாலும் பொருந்திவிடும். தாளில் இருந்தபடி அந்த ஒரு சொல்லைக் கோபமாகச் சொன்னேன். அவர் கண்ணாடிக்குப் பின்னால் கட்டைவிரலை உயர்த்தினார்.

அதன் பிறகு அவருக்கு ஒரு போன் வந்தது. மழைக்காகப் பள்ளிக்கூடத்தை முன்னதாகவே விட்டுவிட்டார்களாம். அவர் மனைவி பிரிந்து போய் ஏழு வருடம் ஆகிறது, மகளை அவர்தான் அழைத்து வர வேண்டும். ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார், மழைக்கோட்டை எடுத்துக்கொண்டு வேகமாகக் கிளம்பினார். பதிவை நிறுத்த மறந்துவிட்டார். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்ததை நான் பார்த்தேன், என் பக்கம் அதற்குப் பொத்தான் இல்லை. அவர் ஸ்கூட்டரில் பின் பிரேக் சரியில்லை. "பார்த்துப் போ" என்றேன். அவர் கிளம்பும்போதெல்லாம் நான் சொல்வது அதுதான். பதினோரு வருடத்தில் அதற்கு மேல் ஒன்றும் சொன்னதில்லை. சொல்லத் தைரியம் இருந்ததில்லை.

அதன் பிறகு படம் வெளியானது. சென்ற ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு நான் தனியாகப் போனேன். வசனம், இசை, சத்தம் எல்லாவற்றையும் சேர்க்கும் ஒலிக்கலவையும் அவர் கையில்தான்; அது முடிந்த படத்தை எங்களுக்குப் போட்டுக் காட்டும் வழக்கம் இல்லை. கடைசிக் காட்சியில் "போ" வந்தது. இரண்டு விநாடி மழைச் சத்தம் மட்டும் இருந்தது. அதன் பிறகு, "பார்த்துப் போ" என்று என் குரல் வந்தது. தியேட்டரில் ஒருவரும் அசையவில்லை. யாரோ ஒருவர் விசில் அடித்தார், பக்கத்தில் இருந்தவர்கள் அவரை அடக்கினார்கள்.

படம் முடிந்து வெளியே பாப்கார்ன் மெஷின் பக்கத்தில் பேச்சு கிளம்பியது. வில்லனுக்குக் கதாநாயகன் மேல் ஆசை என்றாள் கல்லூரிப் பெண் ஒருத்தி. கதாநாயகியை அவன் படம் முழுக்க ஒரு தடவைகூட ஏறிட்டுப் பார்க்கவில்லை என்று அவள் தோழி எடுத்துக் கொடுத்தாள். தடித்த மனிதர் ஒருவர், கண்டபடி பேசாதீர்கள், அது கூடப் பிறக்காத அண்ணன் தம்பிப் பாசம் என்றார். கூட்டம் சேர்ந்து இரண்டு கட்சியானது. நண்பனிடம் தானும் அப்படித்தான் சொல்வதாக அந்த மனிதர் அடித்துப் பேசினார். அந்தப் பெண், "இந்தக் குரல்ல சொல்வீங்களா அங்கிள்?" என்று கேட்டாள்.

அதன் பிறகு கதாநாயகனின் ரசிகர்கள் சிலர் உள்ளே புகுந்தார்கள். தள்ளுமுள்ளில் போஸ்டர் பெட்டியின் கண்ணாடி உடைந்தது. உடைத்தவரை நான் பார்க்கவில்லை. நான் சுவரோரமாக நின்றிருந்தேன். என் முகம் அங்கே யாருக்கும் தெரியாது. ஆனால் ஒரு வார்த்தை பேசியிருந்தால் அத்தனை பேரும் திரும்பியிருப்பார்கள், அதனால் பேசவில்லை. அந்தப் பெண் சொன்னதை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும் போல இருந்தது.

மறுநாள் படத்தின் விநியோகஸ்தர், அனுமதியில்லாமல் வசனம் சேர்த்துப் படத்தின் பெயரைக் கெடுத்ததாக ஒலிப்பதிவாளர் மீது புகார் கொடுத்தார். ஸ்டூடியோ முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பதிவு தவறுதலாக ஓடிவிட்டது என்று இருவரும் சொன்னால் புகாரைத் திரும்பப் பெறுவார்கள், வேண்டுமென்றே செய்தது என்றால் அவரை இனி எந்த ஸ்டூடியோவும் வாசலில்கூட நிற்க விடாது என்றார். நான் தலையாட்டினேன். இன்று காலை தவறுதல் என்று சொல்லத்தான் வந்தேன். காவல் நிலையப் படியில் அதை வசனம் போல மூன்று முறை சொல்லியும் பார்த்தேன்.

ஆனால் தொழில் தெரிந்தவனுக்கு உண்மை தெரியும். பதிவு ஓடியது தவறுதல். ஓடியதில் இருந்து அந்த இரண்டு சொல்லை எடுத்து, காலடிச் சத்தத்தை நீக்கி, மழைக்கு நடுவே சரியான இடத்தில் வைப்பதற்கு ஒரு கை வேண்டும். இதை ஏன் செய்தார் என்று ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நான் தூங்காமல் யோசித்து வருகிறேன். அவரிடம் கேட்கவில்லை. இடையில் இரண்டு நாள் ஒன்றாக வேலை செய்தோம். பிஸ்கட் கொடுத்தார், வாங்கித் தின்றேன்.

அதன் பிறகு ஆய்வாளர் அம்மா ஒலிப்பதிவாளர் கொடுத்த வாக்குமூலத்திலிருந்து ஒரு பகுதியைப் படிக்கச் சொன்னார். எழுத்தர் படித்தார். ஒலிப்பதிவாளர் தவறுதல் என்று சொல்லவில்லை. "மறுநாள் காலைல கேட்டேன். அழிக்க மனசு வரல. கூட வெச்சுக்கவும் வேற இடம் தெரியல. அங்க வெச்சேன்" என்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்னபடியே எழுதியிருந்தார்கள். மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டேன். எழுத்தர் படித்தார். மூன்றாவது முறையும் கேட்டேன். அவர் முகம் சுளிக்காமல் படித்தார்.

அந்த வசனத்தை யாருக்காகச் சொன்னீர்கள் என்று ஆய்வாளர் அம்மா கேட்டார். வில்லன் யாருக்குச் சொன்னான் என்பது படம் பார்த்தவர்கள் பாடு. நான் சொன்னது அவருக்கு. பாப்கார்ன் மெஷின் பக்கத்தில் அந்தப் பெண் சொன்னது சரி. வேலை போவதாக இருந்தால் இருவருக்கும் போகட்டும்.

எழுத்தர் முழுவதையும் வாசித்துக் காட்டினார். நடந்ததும் நான் சொன்னதும் இதுவே, யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை. அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு அங்கே போகிறேன்.

(ஒப்பம்)